சுவரோரம் படுத்தவள்

என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் 'அலை சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. இயற்பியலில் எத்தனையோ பாடம் இருக்கிறது. ஆனால் அலை என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கதவுக் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி ஓர் உதறு உதறுவார். கயிற்றில் ஒரு மேடு கிளம்பி ஓடும். "பாருங்கடா, மேடு கதவு வரைக்கும் போச்சு. கயிறு போச்சா? அது இருந்த இடத்துலதான் இருக்கு. இது குறுக்கலை" என்பார். அடுத்து மேசைமேல் நீளமான ஸ்பிரிங்கைப் பரப்பி ஒரு முனையைத் தள்ளுவார். சுருள்கள் நெருங்கும், விலகும், அந்த நெருக்கம் மறுமுனைக்கு ஓடும். "இது நெட்டலை. நான் பேசறது உங்க காதுக்கு இப்படித்தான் வருது. என் வாய்க் காத்து அங்க வரல, நெருக்கம்தான் வருது." கல்யாணமான புதிதில் எனக்கும் சாப்பாட்டு மேசையில் செய்து காட்டியிருக்கிறார். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், விஷயம் தெரியாத ஒருவர் எனக்கு இதைச் செய்திருந்தால் இவ்வளவு வயிறு எரியாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடம். அதில் அவருடைய தம்பி பழம் வைக்கக் குளிர்கிடங்கு ஒன்று கட்டினான். திறப்பு விழாவுக்கு நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் பல்லைக் காட்டினேன். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்த வாரமே எனக்குச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. காதைப் பிளக்கிற சத்தம் இல்லை. 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். காதில் கேட்பதைவிடப் பல்லில், மண்டைக்குள், நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்கும். சற்று நேரம் நிற்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி தொடங்கும்.

எங்கள் படுக்கையறை பன்னிரண்டு அடி நீளம். ஒரு கோடிச் சுவரை ஒட்டி அகலமான கட்டில், எதிர்க்கோடியில் துணி அலமாரி. நான் சுவரோரம் படுப்பேன், அவர் வெளிப்பக்கம். விடிந்ததும் நடக்கப் போகிறவர், என்னைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது அல்லவா? அந்த ஏற்பாடு தாலி கட்டிய நாளிலிருந்து அப்படியே இருக்கிறது.

"என்னங்க, இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டேன்.

"எந்தச் சத்தம்?"

எழுப்பி உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் என் தலையணையில் படுத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். பேப்பரை முழுக்கப் படித்து முடித்துவிட்டு, கம்ப்ரசர் ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்து வந்து படுத்தார். "எங்க கேக்குது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

நான் விடவில்லை. அறை முழுக்க நடந்து நடந்து கேட்டேன். சுவரோரம் முனகல் மண்டையைப் பிடிக்கிறது. நாலடி வந்தால் குறைகிறது. அறை நடுவில் நின்றால் சுத்தமாக இல்லை. அலமாரிப் பக்கம் போனால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. இதை அப்படியே அவரிடம் சொன்னேன், ஒரு வார்த்தை மாறாமல்.

"சத்தம் அப்படியெல்லாம் இடம் பாத்து உக்காராது" என்றார் அலை சார்.

கொழுந்தன் அப்போது அங்கே இருந்தான். "அண்ணி, அது உங்ககூடக் கண்ணாமூச்சி ஆடுதோ என்னவோ!" என்று சிரித்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள்.

சரி, கூடத்தில் படுத்துக்கொள்வோம் என்று பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் வேலைக்காரி பார்த்தாள், பேப்பர் போடுகிறவன் பார்த்தான், கொழுந்தன் பெண்டாட்டி பார்த்தாள். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகவில்லையாம், தனித்தனியாகப் படுக்கிறார்களாம் என்று பேச்சு கிளம்பியது. அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "என் மானத்த வாங்காத. உள்ள வந்து கட்டில்ல படு" என்றார். அவருடைய மானத்துக்காக நான் மறுபடியும் சுவரோரம் போய்ப் படுத்தேன்.

நகராட்சிக்குப் புகார் கொடுத்தேன். சொந்தக் கொழுந்தன் மேலேயே புகாரா என்று குடும்பம் கொதித்தது. சத்தம் அளக்கிற அதிகாரி கருவியோடு வந்தார். ஸ்டாண்டை விரித்து அறையின் நட்டநடுவில் வைத்தார்.

"சார், அங்க கேக்காது. இங்க தலையணைகிட்ட வைங்க" என்றேன்.

"சுவர விட்டுத் தள்ளித்தாம்மா வைக்கணும். முறை அப்படி. தலையணைக்கெல்லாம் தனி அளவு கிடையாது." கருவியைப் பார்த்தார். "ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு. இதுக்கு நடவடிக்கை எடுக்க முடியாது."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் அதிகாரியிடம் மெதுவாக, "இவளுக்குக் கொஞ்ச நாளா தூக்கம் சரியில்ல சார்" என்றார். அதிகாரி புரிந்துகொண்டு தலையாட்டினார். வீட்டில் குறை எதுவும் இல்லை என்று என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதோடு என் பேச்சு செல்லாக்காசு ஆகிவிட்டது. அக்கா போன் பண்ணி, "உனக்கு வயசு அப்படிடீ. இந்த நேரத்துல எல்லாருக்கும் ஏதாவது கேக்கும், ஏதாவது தோணும்" என்றாள். வெளியூரில் படிக்கிற என் பையன், "அம்மா, அப்பா சொல்றதக் கேளும்மா" என்றான். அவரே மனநல மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனார். மருத்துவர் தங்கமான மனிதர். பொறுமையாகக் கேட்டார். இருவருக்கும் நடுவில் ஏதாவது மனத்தாங்கலா என்று நாசூக்காகவும் கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். கவுண்டரில் நின்று மருந்து கொடுக்கிற வேலை. எந்த மருந்து எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று பெருமை எனக்கு. தூக்கம்தான் இல்லையே. அந்த மாத்திரை முனகலை நிறுத்தவில்லை. பகலில் என் கண்ணை மட்டும் சொருக வைத்தது. ஒருநாள் ஒரு பெரியவருக்குக் குறைந்த அளவு மாத்திரைக்குப் பதில் அதிக அளவை எடுத்து நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்து வாங்கி வைத்தாள். பிரிவுத் தலைவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் பின்னாடி கிடங்குல பெட்டி அடுக்குங்க. உங்க டாக்டர் சரியாயிட்டீங்கன்னு எழுதிக் குடுத்ததும் கவுண்டருக்கு வந்துடுங்க." எனக்கு அந்தக் கவுண்டர் வேண்டும். என் பேச்சை நம்பி நாலு பேர் வாயில் மாத்திரை போட்டுக்கொள்கிற இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இப்படியே ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆசிரியர் குடும்பங்களுக்கு அழைப்பு. வழக்கமாக நான் போவதில்லை. கிடங்கில் பெட்டி அடுக்கி அலுத்துப்போய், அன்றைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அவரிடம் சொல்லவில்லை.

அலைக்கென்று ஒரு வகுப்பறையையே ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேசையில் கயிறு, ஒரு மேசையில் ஸ்பிரிங், ஒரு தட்டில் தண்ணீர் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு வட்டம் வட்டமாக அலை. ஒரு பையன், ஒலிக்குக் காற்று வேண்டும், ஒளிக்கு ஒன்றும் வேண்டாம், அதனால்தான் சூரிய வெளிச்சம் வருகிறது, சூரியன் போடுகிற சத்தம் வருவதில்லை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். கடைசி மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாது.

"வாங்க ஆன்ட்டி, இதக் கேளுங்க." ரெண்டு பக்கமும் மூடிய நீளமான குழாய். ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கர். மேலே நீளவாக்கில் ஒரு பிளவு. அதற்குள் ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர்க் குழாயை விட்டிருந்தார்கள். நான் காதில் மாட்டிக்கொண்டேன். அவள் ரப்பர்க் குழாயை ஓரத்துக்குத் தள்ளினாள். ஊங்காரம் காதை நிறைத்தது. நடுவுக்கு நகர்த்தினாள். ஒன்றுமே இல்லை. எதிர் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் ஊங்காரம். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு பாத்தீங்களா?" என்றாள் குதூகலமாக. "போற அலையும் சுவர்ல பட்டுத் திரும்பற அலையும் ஒண்ணு மேல ஒண்ணு சேருது ஆன்ட்டி. இடத்தோட நீளம் அலைநீளத்துல சரிபாதியா அமைஞ்சிடுச்சுன்னா, ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணுக்கொண்ணு கூடிக்கும், நடுவுல ஒண்ண ஒண்ணு அழிச்சிடும். அலை ஓடற மாதிரியே தெரியாது. நின்ன இடத்துலயே நிக்கும். அதனால நிலையலைன்னு பேரு. வேற நீளத்து அறையில இது நடக்காது."

பிறகு பின்னால் தொங்கிய படத்தைக் காட்டினாள். ஓர் அறை. ஒரு கோடியில் கட்டில், எதிர்க்கோடியில் அலமாரி. கீழே 'பன்னிரண்டு அடி' என்று எழுதியிருந்தது. கட்டிலின் வெளிப்பக்கம் ஒரு ஆள் வாயைத் திறந்து குறட்டை விடுகிறார். சுவரோரம் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடியைக் கலைந்தாற்போல வரைந்திருந்தார்கள்.

"இது உண்மையா நடந்தது ஆன்ட்டி. எங்க அலை சாருக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. அந்த அம்மாவுக்கு மட்டும் ராத்திரியெல்லாம் சத்தம் கேட்டுச்சாம். வீட்டுல யாருமே நம்பல, லூசுன்னு சொல்லிட்டாங்களாம். அளக்க வந்தவங்க நடு ரூம்ல வெச்சு அளந்துட்டு இல்லன்னு போயிட்டாங்களாம். எங்க சார்தான் போயி ஓரத்துல வெச்சு அளந்து, அந்த அம்மா சொன்னது சரின்னு நிரூபிச்சாராம். சார் இதச் சொன்னதும் கிளாஸே கை தட்டுச்சு."

"அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அது சார் சொல்லல ஆன்ட்டி."

திரும்பினேன். வாசல் பக்கம் தலைமை ஆசிரியையோடு நின்றுகொண்டிருந்த அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையில் கயிற்றின் முனை அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"இந்தா பாரு, கொஞ்சம் உக்காரு…"

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"நீ மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல. போர்டுல படம் போட்டுட்டிருந்தேன். திடீர்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஓரத்துல கேக்குது, நடுவுல இல்லன்னு. நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப பள்ளிக்கூடத்து மைக்க எடுத்துட்டு வந்து ஒவ்வொரு அடியா அளந்தேன். சுவர்கிட்ட எக்கச்சக்கம். என் தலைமாட்டுல கேக்கற அளவுக்கே இல்ல. அவ்ளோ அழகா வந்துச்சு…" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அழகா வந்துச்சா?"

"நான் கிளாஸ்ல உன்னப் பத்தி நல்லவிதமாத்தானே சொல்லியிருக்கேன்? நீ சொன்னது சரின்னுதானே சொன்னேன்?"

"யாருகிட்ட?"

"பசங்ககிட்ட."

"என்கிட்ட?"

அவர் சுற்றி வளைத்துத் தம்பியிடம் வந்தார். நகராட்சியில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றிப் பேசினால் தம்பியின் கிடங்கை மூடச் சொல்வார்கள், அவன் பிழைப்பு போய்விடும், தன்னையும் என்ன வாத்தியார் இவர் என்று கேட்பார்கள்.

"யாரு மூடச் சொன்னா? ஓரத்துல இருந்தாத்தானே கேக்குது? கட்டில நடுவுல இழுத்துப் போட்டிருந்தாப் போதுமே!"

ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. நாலடி. ரெண்டு பேர் பிடித்து இழுத்தால் முடிகிற வேலை. தம்பிக்கும் நஷ்டம் இல்லை, யாரிடமும் மாற்றிப் பேசவும் வேண்டாம். ஒட்டடை அடிக்கணும் என்று ஒரு பொய் சொல்லியாவது நகர்த்தியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. நான் சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இவர் என்ன நடக்கிறது என்று தெரிந்தே பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். "ஏன் நகர்த்தல?" என்று கேட்டேன். "நகர்த்தினா நீ ஏன்னு கேப்ப" என்றார். கேட்பேனாம். அதற்குப் பயந்து என்னைப் பைத்தியமாகவே வைத்திருந்தார்.

அன்றைக்கே கட்டிலை நகர்த்தினோம். சாயங்காலமே படுத்துப் பார்த்தேன். முனகல் இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். உனக்கு லெட்டர் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. நான் நம்பினேன். நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்கு நம்பிக்கை சுலபமாக வரும்போல.

மருத்துவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "முகமே தெளிவா இருக்கே! தூக்கம் எப்படி?"

"நல்லா வருது டாக்டர்."

"பாத்தீங்களா, மருந்து பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும்னு சொன்னேன்ல?"

நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். இவர் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுங்க என்று முழங்கையால் இடித்தேன். தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஆரம்பித்தேன். மருந்தால் இல்லை டாக்டர், கட்டிலை நகர்த்தியதால் என்றேன். சுவரில் பட்டுத் திரும்புகிற அலை என்றேன். என் வீட்டுக்காரருக்கு எப்போதோ தெரியும், என்னிடம் மறைத்துவிட்டார், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், கண்காட்சியில் என் கட்டிலையும் என்னையும் படமாகவே வரைந்து மாட்டியிருக்கிறார்கள் என்றேன். படபடவென்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. சொல்லச் சொல்ல மருத்துவர் முகத்தில் மலர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. அவர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் என் வார்த்தைகள் என் காதிலேயே விழுந்தன. வீட்டுக்காரர் மறைக்கிறார், ஊரே என்னைப் பற்றிப் பேசுகிறது, படம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களுக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாதா?

மருத்துவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், அந்தப் படம் இவங்களப் பத்தினதா?"

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும்.

"அது பொதுவா, பாடத்துக்காகப் போட்ட படம் டாக்டர்" என்றார் அலை சார்.

மருத்துவர் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார். பயப்பட ஒன்றும் இல்லை, இன்னொரு மாத்திரை சேர்க்கிறேன், வேலைக்குக் கடிதம் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பார்ப்போம் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் அதையும் எழுதிக்கொள்வார்.

அந்த மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். வழியெல்லாம் இவர், "தம்பி விஷயம் ஓயட்டும், நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருந்தகத்தில் முதல்முறையாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். என் இடத்தில் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் நின்றாள். சீட்டை வாங்கிப் படித்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மாத்திரையை எடுத்து உறையில் போட்டாள்.

"அக்கா, இது ராத்திரிக்கு ஒண்ணு. மறக்காம போடணும், சரியா?" குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வீட்டுல கூட யாராவது இருக்காங்களா?"

இந்த மாத்திரைக்கு அதைக் கேட்கத்தான் வேண்டும். பின்னால் நின்றவரைக் காட்டினேன். அவள் உறையை என் கையில் கொடுக்கவில்லை. எட்டி, அவர் கையில் கொடுத்தாள்.